நம் வரியை மாநிலம் கட்டுகிறது, பள்ளிக்கு யார் கட்டுவது?

டெக்சாஸில் சொந்த வீட்டில் குடியிருக்கும் தமிழ் உறவுகளுக்கு,

வணக்கம்.

2025 நவம்பர் 4 அன்று நடந்த வாக்கெடுப்பில், குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் பள்ளிகளுக்கான சொத்துவரியிலிருந்து விலக்கப்படும் தொகையை 1 லட்சம் டாலரிலிருந்து 1.4 லட்சம் டாலராக உயர்த்த டெக்சாஸ் மக்கள் ஒப்புக்கொண்டார்கள். 65 வயது நிறைந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் 60,000 டாலர் விலக்கு கிடைத்தது. பத்தாண்டுகளுக்கு முன்பு இந்த விலக்கு வெறும் 15,000 டாலர்தான். 2015-இல் 25,000, 2022-இல் 40,000, 2023-இல் 1 லட்சம் என்று ஏறி இப்போது இந்த இடத்துக்கு வந்திருக்கிறது. 5 லட்சம் டாலர் வீட்டுக்கு இப்போது 3.6 லட்சத்துக்கு மட்டுமே பள்ளி வரி. கடன் தவணையோடு சேர்த்து எஸ்க்ரோவில் (வரிக்கென்று கடன் நிறுவனம் ஒதுக்கிவைக்கும் கணக்கில்) மாதாமாதம் வரிப்பணம் கட்டி வருகிற நம் குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். நம் சங்கக் கூட்டங்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இதைப் பற்றி எழுந்த மகிழ்ச்சியில் எனக்கும் பங்கு உண்டு.

ஆனால் அந்த மகிழ்ச்சியோடு சேர்ந்து ஒரு தவறான எண்ணமும் நம்மிடையே பரவிக்கொண்டிருக்கிறது. "மாநில அரசு பள்ளிகளுக்குப் பல பில்லியன் கொட்டிக் கொடுக்கிறது, அதனால்தான் நமக்கு வரி குறைகிறது, அவ்வளவு பணம் வாங்கிக்கொண்டும் பள்ளி மாவட்டம் பஞ்சப்பாட்டுப் பாடுகிறது" என்கிறார்கள் நண்பர்கள். (பள்ளி மாவட்டம் என்பது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு.) படித்தவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள், பிள்ளைகளின் படிப்புக்காகவே ஊர் பார்த்து வீடு வாங்கியவர்கள் இப்படிச் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த எண்ணத்தோடு நாம் 2027 ஜனவரிக்குள் நுழைந்துவிடக் கூடாது. சட்டமன்றம் அப்போது மீண்டும் கூடுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, 140 நாட்கள் மட்டுமே நடக்கும் கூட்டத்தொடர் அது. வீட்டு உரிமையாளர்களின் பள்ளிச் சொத்துவரியை அடியோடு ஒழிக்க வழி செய்யும் திட்டத்தை ஆளுநர் கிரெக் அபட் தம் தேர்தல் பிரச்சாரத்தில் முன்வைத்திருக்கிறார். அது விவாதத்துக்கு வரும்போது நாம் என்ன சொல்லப் போகிறோம்?

நான் வரிக்குறைப்புக்கு எதிரி அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிச் செலவில் மாநில அரசு பெரும்பங்கைச் சுமக்க வேண்டும் என்பதற்கு இந்த மண்ணிலேயே நீண்ட போராட்ட வரலாறு உண்டு. அதை நம்மில் பலர் அறிந்திருக்கவில்லை. நாம் வந்து சேர்வதற்கு முன் நடந்தவை அவை.

1968 மே மாதம் சான் அன்டோனியோ நகரின் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ 400 பேர் வகுப்பை விட்டு வெளியேறி, பள்ளி மாவட்ட அலுவலகம் வரை நடந்தார்கள். பாழடைந்த கட்டடம், தகுதி பெறாத ஆசிரியர்கள், உருப்படியான வசதி எதுவும் இல்லை என்பது அவர்களின் முறையீடு. பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளியினர் வாழ்ந்த ஏழைப் பகுதி அது. அந்தப் பகுதி மக்கள் வரி கட்டாமல் இருந்தார்களா? இல்லை. 100 டாலர் மதிப்புக்கு 1.05 டாலர் என்று, பக்கத்துப் பணக்கார மாவட்டமான அலமோ ஹைட்ஸைவிட அதிக விகிதத்தில் கட்டினார்கள். வீடுகளின் மதிப்பு குறைவு என்பதால் அந்த வரியில் ஒரு மாணவருக்குக் கிடைத்தது 26 டாலர். அலமோ ஹைட்ஸ் 85 சென்ட் மட்டும் விதித்து ஒரு மாணவருக்கு 333 டாலர் திரட்டியது. கெல்லி விமானப்படைத் தளத்தில் தகடு வேலை பார்த்த டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தந்தை, பிற பெற்றோர்களுடன் சேர்ந்து வழக்குத் தொடுத்தார். 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கல்வி, கூட்டாட்சி அரசமைப்பு தரும் அடிப்படை உரிமை அல்ல என்றது. அவர்கள் ஓயவில்லை. மாநில அரசமைப்பைப் பிடித்துக்கொண்டு 1984-இல் மீண்டும் ஒரு வழக்கு எழுந்தது. 1989-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, இந்த நிதி முறை மாநில அரசமைப்புக்கு விரோதமானது என்றார்கள்.

நம்மில் பலர், குறிப்பாக பிளேனோ பக்கம் இருப்பவர்கள், "நம் வரியைப் பிடுங்கி வேறு ஊருக்குக் கொடுக்கிறார்கள்" என்று நொந்துகொள்ளும் ராபின் ஹூட் ஏற்பாடு, அந்தத் தீர்ப்பின் விளைவாக 1993-இல் வந்தது. சொத்து வளம் மிகுந்த மாவட்டங்களின் வரியில் ஒரு பகுதியை மாநிலம் எடுத்துக்கொள்கிறது. நொந்துகொள்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எட்ஜ்வுட்டின் 26 டாலரை நினைத்துப் பார்த்தால், இப்படி ஒன்று ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கும். உள்ளூர்ச் சொத்தை மட்டும் நம்பிப் பள்ளி நடத்தினால், ஒரு பிள்ளையின் கல்வியை அது பிறந்த தெருவின் வீட்டு விலை தீர்மானித்துவிடும். மாநில வருவாய் கூடுதலாக வந்து உள்ளூர் வரி விகிதம் குறையும்போது இந்த ஏற்றத்தாழ்வும் குறைகிறது. ராபின் ஹூட்டில் போகும் பணமும் குறைகிறது. மாநிலப் பணத்தால் பள்ளி வரியைக் குறைப்பதை நான் ஆதரிக்கும் காரணம் இதுதான். மாத எஸ்க்ரோ குறைவது அதற்கு அடுத்ததுதான்.

இனி நண்பர்களின் தவறான எண்ணத்துக்கு வருகிறேன்.

டெக்சாஸில் ஒரு பள்ளி மாவட்டத்துக்கு எவ்வளவு பணம் என்பதை ஒரு சூத்திரம் தீர்மானிக்கிறது. வருகைப் பதிவின்படி சராசரியாக எத்தனை மாணவர்கள், அவர்களில் எத்தனை பேருக்குச் சிறப்புக் கல்வி வேண்டும், எத்தனை பேர் ஆங்கிலம் கற்கும் நிலையில் இருக்கிறார்கள் என்று கணக்கிட்டு மொத்தத் தொகை வருகிறது. அந்தத் தொகையில் உள்ளூர்ச் சொத்துவரி எவ்வளவு ஈட்டுகிறதோ அது போக மீதியை மாநிலம் நிரப்புகிறது. ஊருக்குப் பணம் அனுப்பும் அண்ணன் தம்பியை எண்ணிப் பாருங்கள். அம்மாவின் மாதச் செலவுக்கு 20,000 ரூபாய் என்று இருவரும் பேசிவைத்திருக்கிறார்கள். தம்பி 12,000 அனுப்பிக்கொண்டிருந்தார். இனி 8,000 போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் அண்ணன். தம்பிக்கு நிம்மதிதான். அம்மாவுக்கு வருவது அதே 20,000. ஊரில் அரிசி விலையும் மருந்து விலையும் ஏறியிருந்தாலும் அதே 20,000. இதில் அண்ணன், "அம்மாவுக்கு நான் 4,000 கூட்டிக் கொடுத்தேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டால் அது நியாயமா?

நம் மாநிலத்தில் நடப்பது இதுதான். 2025-இல் சட்டமன்றம் இரண்டு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 338 பில்லியன் டாலருக்கு வரவு செலவுத் திட்டம் போட்டது. அதில் சொத்துவரியைக் குறைப்பதற்கும், முன்பு குறைத்ததைத் தக்கவைப்பதற்கும் ஒதுக்கியது 51 பில்லியன் டாலர். அந்தப் பணம் பள்ளிக் கணக்கு வழியாகப் போவதால் கல்விச் செலவு போலத் தோன்றுகிறது. ஆனால் வகுப்பறைக்கு அதனால் ஒரு டாலரும் கூடவில்லை. நாம் கொடுத்துவந்ததை மாநிலம் கொடுக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சூத்திரத்தின் அடித்தளமான அடிப்படை ஒதுக்கீடு, அதாவது ஒரு மாணவருக்கான தொடக்கத் தொகை, 2019-இல் 6,160 டாலராக நிர்ணயிக்கப்பட்டது. 2023-இல் மாநிலத்திடம் 32.7 பில்லியன் டாலர் உபரி இருந்தது. அன்றும் அந்தத் தொகையை உயர்த்தவில்லை. தனியார் பள்ளிக்கு அரசுப் பணம் தரும் வவுச்சர் சண்டையில் பள்ளிகளுக்கான மசோதா சிக்கிக்கொண்டு செத்தது. கடைசியில் 2025-இல் உயர்த்தினார்கள், 55 டாலர்! ஆறு ஆண்டுகளில் விலைவாசி ஏறத்தாழ கால் பங்கு ஏறியிருக்க, ஒரு சதவீதத்துக்கும் குறைவான உயர்வு.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே 2025-இல் நிறைவேறிய ஹெச்.பி. 2 சட்டம் பள்ளிகளுக்கு ஏறத்தாழ 8.5 பில்லியன் டாலர் தந்தது. அதில் ஏறத்தாழ பாதி ஆசிரியர், பணியாளர் சம்பள உயர்வுக்கு. பெரிய மாவட்டங்களில் ஐந்து ஆண்டு அனுபவம் உள்ள ஆசிரியருக்கு ஆண்டுக்கு 5,000 டாலர், சிறிய மாவட்டங்களில் 8,000 டாலர். அது உண்மையான உதவி. நம் பிள்ளைகளின் ஆசிரியர்களுக்குக் கிடைக்க வேண்டியதுதான். ஆனால் மாவட்டங்கள் தம் தேவையைப் பார்த்து விருப்பப்படி செலவிடக்கூடிய பணம் பெரும்பாலும் அந்த அடிப்படை ஒதுக்கீடுதான். அது அசையாமல் நின்றதை எங்கே பார்க்கிறோம்? பிளேனோவில் 2025-இல் நான்கு பள்ளிகள் மூடப்பட்டன. லூயிஸ்வில் மாவட்டம் ஐந்து தொடக்கப் பள்ளிகளை மூடத் தீர்மானித்தது. வீட்டு விலை ஏறி இளம் குடும்பங்கள் வடக்கே நகர்ந்ததால் மாணவர் எண்ணிக்கை குறைந்தது முக்கியக் காரணம், மறுக்கவில்லை. ஆனால் அரைகுறையாய் நிரம்பிய பள்ளியை இன்னும் சில ஆண்டுகள் தாங்கிப் பார்க்க மாவட்டத்தின் கையில் பணம் இல்லை என்பதும் காரணம். பிரிஸ்கோ மாவட்டம் 2024 நவம்பரில், அன்றாடச் செலவுக்கான வரி விகிதத்தைச் சற்று உயர்த்த வாக்காளர்களிடம் அனுமதி கேட்டது. வாக்காளர்கள் மறுத்துவிட்டார்கள். அந்த ஊரில் நம்மவர் எவ்வளவு பேர் இருக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும்.

"பள்ளி மாவட்டம் கால்பந்து அரங்கம் கட்டப் பணம் வைத்திருக்கிறதே" என்று கேட்பீர்கள். ஆலன் நகரில் 60 மில்லியன் டாலருக்கு 2012-இல் அரங்கம் திறந்து, கான்கிரீட்டில் விரிசல் கண்டு 2014-இல் மூடிப் பழுது பார்த்த கதையை யாரும் மறக்கவில்லை. கேள்வி நியாயமானது. ஆனால் அந்தப் பணம் வேறு பை. நம் வரிச் சீட்டில் பள்ளி வரி இரண்டு விகிதங்களால் ஆனது. ஒன்று பராமரிப்பு, நடைமுறைச் செலவுக்கு. ஆசிரியர் சம்பளம் அதிலிருந்துதான். மற்றொன்று, வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட பாண்ட் கடனை அடைப்பதற்கு. கட்டடத்துக்கு வாங்கிய கடனில் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கச் சட்டம் இடம் தராது. மாநிலம் விகிதத்தைக் குறைப்பது முதல் பையில். அரங்கத்தின் மீதுள்ள கோபத்தில் ஆசிரியரின் பையை இறுக்கிவிடாதீர்கள்.

நான் அதிகம் அஞ்சுவது வேறொன்றுக்கு. மாநிலம் இப்படி நம் வரியை ஏற்றுக்கொள்வது முதல் முறை அல்ல.

2005 நவம்பரில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம், பள்ளி மாவட்டங்கள் எல்லாம் 100 டாலர் மதிப்புக்கு 1.50 டாலர் என்ற உச்ச வரம்பில் வந்து முட்டிக்கொண்டு நிற்கின்றன, விகிதத்தைத் தீர்மானிக்கும் சுதந்திரமே அவற்றுக்கு இல்லை, எனவே இது மறைமுகமாக மாநிலச் சொத்துவரி ஆகிவிட்டது என்றது. மாநிலச் சொத்துவரிக்கு டெக்சாஸ் அரசமைப்பில் இடம் இல்லை. 2006-இல் ஆளுநர் ரிக் பெர்ரி சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டினார். விகிதத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, 1.50-ஐ 1.00 ஆக்குவது என்று முடிவாயிற்று. அந்த இடைவெளியை நிரப்பத் தொழில் நிறுவனங்கள் மீது புதிய வணிக வரி, சிகரெட் பாக்கெட்டுக்கு 1 டாலர் கூடுதல் வரி. கணக்கு உதைத்தது. ஐந்து ஆண்டுகளில் 23 பில்லியன் டாலர் பற்றாக்குறை வரும் என்று மாநிலக் கணக்கு அதிகாரியாக இருந்த கரோல் கீட்டன் ஸ்ட்ரேஹார்ன் எச்சரித்தார். அவர் அதே ஆண்டு பெர்ரியை எதிர்த்து ஆளுநர் தேர்தலில் நின்றவர். ஆகவே அரசியல் பேசுகிறார் என்று ஒதுக்கிவிட்டார்கள். புதிய வணிக வரி எதிர்பார்த்த அளவு ஈட்டவே இல்லை. வரிக்குறைப்பு நிரந்தரம், அதற்கான வருவாய் அரைகுறை. பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. 2011-இல் சட்டமன்றம் பொதுக் கல்வியிலிருந்து ஏறத்தாழ 5.4 பில்லியன் டாலரை வெட்டியது. ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். நான்காம் வகுப்பு வரை ஒரு வகுப்பில் 22 பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்பது டெக்சாஸ் சட்டம். அந்த வரம்பிலிருந்து விலக்குக் கேட்டு மாவட்டங்கள் வரிசையில் நின்றன. அறுநூறுக்கும் மேற்பட்ட மாவட்டங்கள் மீண்டும் நீதிமன்றம் போயின. 2016-இல், அரசமைப்பு கேட்கும் குறைந்தபட்ச அளவை இந்த முறை எட்டிவிடுகிறது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை முடித்துவைத்தது.

இனிமேல் நீதிமன்றம் வந்து காப்பாற்றும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் பொருள். எட்ஜ்வுட் காலத்துப் பெற்றோர்களுக்கு நீதிமன்றம் என்ற கதவு இருந்தது. நமக்கு இருப்பது சட்டமன்றம் மட்டுமே.

இப்போதைய 51 பில்லியன் எங்கிருந்து வருகிறது? டெக்சாஸில் தனிநபர் வருமான வரி இல்லை. 2019-இல் அதை அரசமைப்பிலேயே தடை செய்துவிட்டார்கள். மாநிலத்தின் வரி வருவாயில் பாதிக்கும் மேல் விற்பனை வரி. அடுத்து வாகன விற்பனை, வணிக வரி, எண்ணெய், எரிவாயு மீதான வரிகள். எண்ணெய் விலை நன்றாக இருக்கும்போது கருவூலம் நிரம்பும், விழும்போது காயும். மேற்கு டெக்சாஸ் எண்ணெய்க் கிணறுகளை நம்பி, ஆண்டுதோறும் தவறாமல் கொடுத்தாக வேண்டிய ஒரு கடமையை மாநிலம் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறது. நிதி நிலை இறங்கும் ஆண்டில் எதை வெட்டுவார்கள்? லட்சக்கணக்கான வாக்காளர்களின் வீட்டு விலக்கைத் தொட எந்த அரசியல்வாதிக்கும் துணிவு வராது. அது அரசமைப்பில் எழுதப்பட்டுவிட்டது. அடிப்படை ஒதுக்கீடு சாதாரணச் சட்டத்தில் ஓர் எண். அதைத் தொடுவது எளிது.

விற்பனை வரி என்றதும் இன்னொரு கூட்டத்தாரை நினைக்க வேண்டியிருக்கிறது. மாநிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான குடும்பங்கள் வாடகை வீட்டில் இருக்கின்றன. இர்விங்கிலும் ஆஸ்டின் வடக்கிலும் ஹூஸ்டன் கேட்டி பக்கமும் அப்பார்ட்மென்டில் வாழ்க்கையைத் தொடங்கிய நாட்கள் நமக்கும் இருந்தன. இன்றைக்குச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் புதிதாக வந்திறங்கும் இளம் தம்பதியர் அங்கேதான் இருக்கிறார்கள். அப்பார்ட்மென்டுக்கும் பள்ளி வரி உண்டு. அது வாடகைக்குள் இருக்கிறது. அவர்கள் வாங்கும் கட்டில், மேசை, அலைபேசி, குழந்தையின் தள்ளுவண்டி ஒவ்வொன்றுக்கும் 8.25 சதவீதம் வரை விற்பனை வரி கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி நம் வீட்டு வரியைக் குறைக்க வருகிறது. அவர்களுக்கு வீட்டு விலக்கு எதுவும் இல்லை. வாடகைதாரர்களுக்கும் ஒரு பங்கு கொடுங்கள் என்று சட்டமன்றத்தில் கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. நாம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்றுவரை நாம் இருந்த இடம் அல்லவா அது?

2023 கோடையில் இந்தக் குறைப்பை எந்த வழியில் தருவது என்று பெரிய சண்டை நடந்தது. விகிதத்தைக் குறைத்தால் போதும் என்றார் ஆளுநர். வீட்டு விலக்கை உயர்த்தியே ஆக வேண்டும் என்று நின்றார் துணை ஆளுநர் டான் பேட்ரிக். இரண்டு சிறப்புக் கூட்டத்தொடர்கள் போய், ஜூலையில் இரண்டையும் கலந்து 18 பில்லியன் டாலர் திட்டமாக முடித்தார்கள். விகிதக் குறைப்பில் சொத்து எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஆதாயம். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கும் கிடங்கு நிறுவனத்துக்கும் பெரும்பங்கு போகும். வீட்டு விலக்கில் 3 லட்சம் வீட்டுக்கும் 13 லட்சம் வீட்டுக்கும் ஒரே தொகை. அதனால் சிறிய வீட்டுக்காரருக்கு விலக்கே நல்லது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் விலக்கையே தேர்ந்தெடுப்பேன். (இன்னும் உங்கள் கவுண்டி மதிப்பீட்டு அலுவலகத்தில் ஹோம்ஸ்டெட் விண்ணப்பம், அதாவது இந்த வீட்டு விலக்குக்கான விண்ணப்பம், கொடுக்காமல் இருந்தால் இன்றே கொடுங்கள். வீடு வாங்கி ஆண்டுக்கணக்கில் கொடுக்காமலே இருப்பவர்களை நம்மிடையே பார்க்கிறேன்.)

ஆனால் ஒழிப்பு என்பது வேறு. அதை நான் எதிர்க்கிறேன். நீங்களும் எதிர்க்க வேண்டும் என்று கேட்கிறேன்.

மிச்சிகன் மாநிலம் கிட்டத்தட்ட அதைச் செய்து பார்த்தது. 1993 மார்ச்சில் அங்கே கல்காஸ்கா என்ற சிறு ஊரில், வரி உயர்வை வாக்காளர்கள் திரும்பத் திரும்ப மறுத்ததால் பணம் தீர்ந்து, கல்வியாண்டு முடியப் பத்து வாரம் இருக்கும்போதே பள்ளிகளை மூடிவிட்டார்கள். நாடே அதிர்ந்தது. அந்தக் கோடையில் மிச்சிகன் சட்டமன்றம், பள்ளிகளின் நடைமுறைச் செலவுக்கான சொத்துவரியை, மாற்று வருவாய் எதுவும் தயாராக இல்லாமலே, ஒரேயடியாக ரத்து செய்தது. 1994 மார்ச்சில் மக்கள் வாக்கெடுப்பில் விற்பனை வரியை 4 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக உயர்த்தி, மாநிலச் சொத்துவரி ஒன்றையும் சேர்த்து, பள்ளிகளை மாநிலத்தின் கையில் கொடுத்தார்கள். ஏழை மாவட்டங்களுக்கு உண்மையிலேயே நல்லது நடந்தது. அதை மறைக்க மாட்டேன். பிறகு கார்த் தொழில் சரிந்தபோது விற்பனை வரி சரிந்தது, அதனுடன் பள்ளிப் பணமும் சரிந்தது. அன்றாடச் செலவுக்கு உள்ளூரில் கூடுதலாகத் திரட்டிக்கொள்ளும் வழியும் பெரும்பாலான மாவட்டங்களுக்கு அடைபட்டிருந்தது. அங்கே குறைந்தபட்சம், விற்பனை வரி எவ்வளவு ஏறும் என்று மக்களிடம் முன்கூட்டியே சொல்லி வாக்குக் கேட்டார்கள். டெக்சாஸில் நம் வீட்டுப் பள்ளி வரியை ஒழித்தால் அந்த இடத்தை எந்த வரி நிரப்பும்? இன்னும் உயர்ந்த விற்பனை வரியா? அப்படியானால் வாடகைக் குடித்தனக்காரர் மேலும் கட்டுவார். வணிகச் சொத்துகளின் மீதா? அப்பார்ட்மென்டும் அதில்தான் சேரும். உபரியா? உபரி எல்லா ஆண்டும் இருப்பதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இன்று பள்ளி வாரியக் கூட்டத்தில் எழுந்து நின்று, "நான் இந்த மாவட்டத்துக்கு வரி கட்டுகிறவள்" என்று சொல்ல முடிகிறது. வாரிய உறுப்பினர் நம் பக்கத்துத் தெருக்காரர். கேட்டே ஆக வேண்டும். பணம் முழுவதும் ஆஸ்டினிலிருந்து வரும் நாளில், "எங்கள் கையில் ஒன்றும் இல்லை அம்மா" என்று அவர் சொல்லிவிடலாம். அது பொய்யாகவும் இருக்காது.

எனவே நான் கேட்பது இது. 2027 கூட்டத்தொடருக்கு முன் உங்கள் பேரவை உறுப்பினருக்கும் செனட்டருக்கும் எழுதுங்கள். நீண்ட கடிதம் வேண்டாம். "வரிக்குறைப்புக்கு ஒதுக்கும் பணத்தையும் வகுப்பறைக்குக் கூட்டும் பணத்தையும் வரவு செலவுத் திட்டத்தில் தனித்தனியாகக் காட்டுங்கள். அடிப்படை ஒதுக்கீட்டை விலைவாசியோடு இணைக்கும் சட்டம் நிறைவேறிய பிறகு அடுத்த வரிக்குறைப்பைப் பேசுங்கள். அந்தக் குறைப்பில் வாடகைதாரருக்கும் பங்கு வையுங்கள்." இந்த மூன்றையும் எழுதினால் போதும். வரிசை முக்கியம். முதலில் பள்ளிக்கு ஏற்றம், பிறகு நமக்குக் குறைப்பு. இரண்டுக்கும் பணம் இருக்கிறது. 51 பில்லியன் ஒதுக்க முடிந்த மாநிலம் இது. குறைப்பு சில நூறு டாலர் குறைந்தால் நம் குடும்பங்கள் தாங்கும்.

குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தனியாக ஒரு சொல். "நமக்கு வாக்கு இல்லையே, நாம் பேசி என்ன" என்று விசாவிலும் கிரீன் கார்டிலும் இருக்கும் நண்பர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். வரி கட்டுகிறீர்கள், பிள்ளைகள் அந்தப் பள்ளியில் படிக்கிறார்கள். பள்ளி வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் பெயரைப் பதிவு செய்துகொண்டு யாரும் பேசலாம். ஆஸ்டினில் சட்டமன்றக் குழு நடத்தும் விசாரணைகளிலும் சாட்சியம் சொல்லலாம். அங்கே குடியுரிமைச் சான்று கேட்பதில்லை. சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஏப்ரல், மே மாதங்களில் வீட்டு மதிப்பீட்டை எதிர்த்து முறையிடுவது எப்படி என்று ஆண்டுதோறும் வகுப்பு நடத்துகிறீர்கள், கூட்டமும் நிரம்பி வழிகிறது. அதே மேடையில் அரை மணி நேரம் ஒதுக்கி, உங்கள் பள்ளி மாவட்டத்தின் நிதி அதிகாரியை அழையுங்கள். மாநிலம் தந்த பணத்தில் வகுப்பறைக்கு வந்தது எவ்வளவு, நம் வரிச் சீட்டுக்கு வந்தது எவ்வளவு என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்லும் விடையைக் கேட்ட பிறகு, 2026 நவம்பரில் உங்கள் தொகுதியில் வாக்குக் கேட்டு வரும் வேட்பாளர்களிடம் இதே கேள்வியைக் கேளுங்கள்.

அன்புடன்,
பள்ளியில் படிக்கும் இரு பிள்ளைகளின் தாய்,
காலின் கவுண்டி, டெக்சாஸ்